ஐந்து மாதத்தில் முட்டை வருமா?

"நானா, நீங்க சொன்ன அஞ்சு மாசமும் முடிஞ்சி. ஒரு முட்டையக் கூடக் காணல்ல. இறைச்சிக்குக் குடுத்துடவா?"

கடையைத் திறந்த கையோடு இப்படிக் கேட்டவர் எமது ஊர்ச் சகோதரி ஒருவர். கணவரை இழந்தவர். 12 பேட்டுக் குஞ்சுகளை வாங்கி வளர்க்கிறார். தீன் என் கடையில், கடனுக்கு. முட்டை விற்று மகளின் டியூஷன் காசைக் கட்டுவது அவரது கணக்கு.

ஐந்து மாதம் என்று சொன்னது நான்தான். அது பண்ணைகளில் வளரும் கலப்பின முட்டைக் கோழிக்குரிய கணக்கு. அவை 18 முதல் 20 கிழமைகளில் முட்டையிடத் தொடங்கும். ஊர்க்கோழிக்கு ஆறு மாதம், சில வேளை ஏழும் செல்லும். அவர் வளர்த்தது ஊர்க்கோழி. குஞ்சைப் பார்க்காமலே நான் சொன்ன பதில் அது.

அன்று பின்னேரம் போய்ப் பார்த்தேன். மூன்று கோழிகளின் கொண்டையும் தாடியும் நன்றாகச் சிவந்திருந்தன. ஒன்று, கையை நீட்டியதும் இறக்கையைச் சற்று விரித்துப் பதுங்கி உட்கார்ந்தது. இது கண்டால் முட்டை தூரமில்லை. மூலைமுடுக்கெல்லாம் நுழைந்து இடம் தேடுவதும் அப்படித்தான். மற்றவற்றின் கொண்டை வெளிறியே இருந்தது.

காரணங்களும் தெரிந்தன. காசு முடையில் தீனைக் குறைத்து, மிஞ்சிய சோறும் தேங்காய்ப்பூவும் போட்டிருக்கிறார். வயிறு நிறையும், புரதம் போதாது. அடுத்தது வெளிச்சம். கீரிக்குப் பயந்து காலை ஒன்பது மணிவரை இருட்டுக் கூட்டில் அடைத்து வைத்திருந்தார். எமது நாட்டில் வருடம் முழுவதும் பகல் சுமார் 12 மணித்தியாலம்தான். பண்ணைக்காரர் பல்பு போட்டு அதை 14, 16 ஆக்குகிறார்கள். இவரோ உள்ளதிலும் மூன்றைக் குறைத்துவிட்டார்.

என் பங்கும் உண்டு. மூன்றாம் மாதம் குரோவர் தீன் கையிருப்பில் இல்லாததால் லேயர் தீனைக் கொடுத்தனுப்பினேன். அதில் கல்சியம் 3.5 சதவீதத்துக்கும் மேல். வளரும் கோழிக்கு ஒரு சதவீதமளவே போதும். கூடினால் சிறுநீரகம் பழுதாகும். நல்ல வேளை, ஒரு மூடையோடு நின்றது.

விற்க வேண்டாம் என்றேன். ஒரு பண்ணைக் கோழி முதல் முட்டைக்கு முன்பே சுமார் 7 கிலோ தீனைத் தின்றுவிடும். ஊர்க்கோழி மேய்வதால் கொஞ்சம் குறையலாம். எப்படியும் அது போட்ட முதல். இந்த நேரத்தில் விற்றால் இறைச்சி விலைதான் கிடைக்கும், முட்டை வாங்கியவனுக்குப் போகும்.

கூட்டுக்குக் கம்பிவலை அடித்து, விடிந்ததும் வெளிச்சம் விழச் செய்தோம். வைக்கோல் போட்ட மூன்று பெட்டிகள் வைத்தோம். தீனைப் பழைய அளவுக்குக் கூட்டினோம்.

பதினாறாம் நாள் முதல் முட்டை. புறா முட்டையை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். இரண்டாவது தோலோடு மட்டும் வந்தது. அவர் பயந்துபோனார். ஆரம்பத்தில் அப்படித்தான், சில கிழமைகளில் சீராகும். முட்டை தொடங்கிய பிறகுதான் லேயர் தீனும் சிப்பித் தூளும் கொடுக்கச் சொன்னேன்.

இப்போது 12இல் ஒன்பது இடுகின்றன. ஒன்று அடைக்கு உட்கார்ந்துவிட்டது, அதை என்ன செய்வதென்று நேற்றுக் கேட்டு வந்தார். கடனை முட்டையாகவே தருகிறார். கடையில் வைத்தால் பகலுக்குள் முடிந்துவிடுகிறது.