பெட்டியில் பளபளப்பு, திரையில் சோகை

புது மானிட்டர் தரும் ஏமாற்றத்துக்குப் பழுது மட்டுமே காரணமல்ல. பெட்டியில் அச்சிடாமல் விட்ட விவரங்களும் காரணம்.

டெல்லி நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் சந்தையில் வாடிக்கையான காட்சி அது. பெரிய அட்டைப்பெட்டியை அணைத்தபடி மெட்ரோ நிலையத்தை நோக்கி நடக்கிறார் ஒருவர். முகத்தில் பூரிப்பு. பழைய 21.5 அங்குல மானிட்டருக்கு விடை கொடுத்தாயிற்று. இனி 27 அங்குலம். வீட்டுக்குப் போய் ஸ்விட்சைப் போட்டதும் பூரிப்பு வடிந்துவிடுகிறது. எழுத்துகளின் ஓரம் பிசிறடிக்கிறது. கறுப்பு, சாம்பலாகத் தெரிகிறது. கல்யாணப் படத்தில் மணப்பெண்ணின் ரத்தச் சிவப்பு லெஹங்கா செங்கல் நிறத்தில் வெளிறிக் கிடக்கிறது.

படம் பார்ப்பதற்காக மட்டும் வாங்கியவர் முணுமுணுத்துவிட்டுப் பழகிக்கொள்வார். ஆனால் கல்யாண ஆல்பம் தயாரிப்பவருக்கு இது பிழைப்புப் பிரச்சினை. திரை வெளிறிக் காட்டுவதை நம்பி அவர் வண்ணத்தை ஏற்றினால், அச்சில் முகங்கள் எல்லாம் சிவந்து வரும். மறு அச்சுக்கான செலவு அவர் தலையில்தான்.

எங்கே தவறு? முதல் ஏமாற்றம் அளவில். பழைய மானிட்டரும் புதியதும் 'ஃபுல் எச்டி'யாக இருந்தால் இரண்டிலும் இருப்பவை அதே 1920 x 1080 புள்ளிகள், அதாவது சுமார் 20.7 லட்சம். திரையின் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் பெருகியும் புள்ளிகள் கூடவில்லை. 21.5 அங்குலத் திரையில் ஓர் அங்குல நீளத்துக்கு சுமார் 102 புள்ளிகள்; 27 அங்குலத்தில் சுமார் 82. அதே தூரத்தில் உட்கார்ந்து பார்க்கும் கண்ணுக்கு எழுத்து கரடுமுரடாகத் தெரிவதில் வியப்பில்லை.

இரண்டாவது, வண்ணம். பெட்டி 1.67 கோடி நிறங்கள் என்று பெருமையடிக்கும். மலிவான திரைகள் பலவற்றில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 64 படிகள்தான். மொத்தம் 2,62,144 நிறங்கள். மீதியை, அடுத்தடுத்த நிறங்களை வேகமாக மாற்றிக் காட்டிக் கண்ணை நம்பவைக்கிறார்கள். அதைவிட முக்கியம், நிறங்கள் எவ்வளவு அழுத்தமாக வரும் என்பது. கம்ப்யூட்டர் படங்களுக்குப் பொது அளவுகோலாக 1996-ல் உருவான எஸ்ஆர்ஜிபி வரம்பில் எத்தனை சதவிகிதத்தைத் திரை காட்டும் என்பதே ஆல்பக்காரர் கேட்கவேண்டிய கேள்வி. மலிவான மாடல்களின் பெட்டியில் பெரும்பாலும் அந்த விவரம் இருக்காது.

இருப்பதோ 'எச்டிஆர்' முத்திரை. பல மாடல்களில் அதற்கு அர்த்தம், அந்த வகை சிக்னலை மானிட்டர் ஏற்றுக்கொள்ளும் என்பது மட்டுமே. அதற்கேற்ற ஒளி திரையில் இருக்கவேண்டும் என்பதில்லை. 2017-ல் வெசா அமைப்பு கொண்டுவந்த தரச்சான்றின் கீழ்ப்படிக்கே 400 நிட்ஸ் பிரகாசம் தேவை. சாதாரண மானிட்டர்கள் பல 250 நிட்ஸோடு நின்றுவிடுகின்றன.

எல்லாப் பழியும் திரைமீது மட்டுமல்ல. எச்டிஎம்ஐ கேபிளில் இணைக்கும்போது சில கம்ப்யூட்டர்கள் மானிட்டரை டிவி என்று நினைத்து, 0 முதல் 255 வரையிலான ஒளிப்படிகளுக்குப் பதில் 16 முதல் 235 வரை மட்டுமே அனுப்புகின்றன. கறுப்பு சாம்பலாவது இதனாலும் இருக்கலாம். கிராபிக்ஸ் அமைப்பில் 'ஃபுல்' என்று மாற்றினால் போதும். செலவில்லாமல் திரை உயிர்பெறும். கடையை நோக்கி ஓடுமுன் செய்துபார்க்கவேண்டிய முதல் வேலை இது.

அதற்கும் மசியாவிட்டால்? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 கைகொடுக்கும், ஆனால் ஒரு நிபந்தனையோடு. கண்ணுக்குப் பிடிக்கவில்லை என்பது சட்டத்தின் பார்வையில் குறைபாடு ஆகாது. ஒரு புள்ளி செத்துக் கிடப்பதுகூட ஆகாமல் போகலாம். 2001-ல் வந்த ஐஎஸ்ஓ தரவிதி, இரண்டாம் வகுப்புத் திரைகளில் 10 லட்சம் புள்ளிகளுக்கு 2 புள்ளிகள் இருண்டே கிடப்பதை அனுமதித்தது. ஆனால் விற்பவர் எந்த விதத்தில் சொன்ன தரமாக இருந்தாலும், அது பொருளில் இல்லையென்றால் குறைபாடுதான் என்கிறது சட்டம். ரசீதில் காலக்கெடு குறிப்பிடப்படவில்லையென்றால், குறைபாடுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். 5 லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடக் கட்டணமும் இல்லை.

ஆக, வாய்ப்பேச்சுக்கு மதிப்பு குறைவு, எழுத்துக்கே மதிப்பு. திரையின் வகை, வண்ண வரம்பு இரண்டையும் ரசீதில் எழுதி வாங்குவதும், பெட்டியையும் விளம்பரப் பக்கத்தையும் பத்திரப்படுத்துவதும் நல்லது. கடையில் ஓடும் பளபளக்கும் டெமோ காட்சிகள் பொருளை விற்பதற்காகவே எடுக்கப்பட்டவை. ஏற்கெனவே அச்சாகி வந்த ஆல்பம் ஒன்றையும் அதன் படங்களைப் பென் டிரைவிலும் எடுத்துச் சென்று, திரையையும் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். அந்தச் சோதனைக்குத் தயங்கும் கடையில் பணப்பையைத் திறக்காமலிருப்பதே லாபம்.