தொழுவம் சூழ்ந்த முற்றம்

கட்டடக்கலை என்றதும் அரண்மனைகளும் கோட்டைகளும் வழிபாட்டிடங்களுமே நம் நினைவிற்கு வருகின்றன. மாட்டுத் தொழுவத்தை அக்கலையின்பாற்படுத்தி நோக்குவோர் மிகச் சிலரே. ஆயினும் இத்தாலி நாட்டின் வடபகுதியில், போ ஆறு வளப்படுத்தும் லொம்பார்தி சமவெளியின் பழம் பண்ணைகளைக் காண்போர், தொழுவத்தையும் முற்றத்தையும் உயிர்நாடியாகக் கொண்டே ஒரு கட்டட மரபு செழித்திருந்தமையை உணர்வர். 'கஷினா' என்பது அப்பண்ணைகளுக்கு வழங்கும் பெயராகும்.

நாற்புறமும் கட்டடங்கள், நடுவே அகன்ற முற்றம், உள்ளே நுழைய ஓரிரு வாயில்கள். இதுவே கஷினாவின் அமைப்பு. வெளிப்புறச் சுவர்களில் சாளரங்கள் மிகக் குறைவு. இரவில் வாயிற்கதவை அடைத்துவிட்டால் பண்ணை ஒரு சிறு கோட்டையாகிவிடும். விகெவானோ நகருக்கருகில் லுதொவீகோ ஸ்போர்சா 1486-ஆம் ஆண்டில் நிறுவிய 'ஸ்போர்செஸ்கா' என்னும் பண்ணை, நான்கு மூலைகளிலும் ஓங்கிய கட்டடங்களுடன் இன்றும் அத்தோற்றத்தைக் காட்டி நிற்கிறது. அது ஆள்வோர் எழுப்பியது. பெரும்பாலான கஷினாக்களோ பெயரறியாக் கொத்தர்கள், தேவைக்கேற்பத் தலைமுறை தலைமுறையாகச் செங்கல்லால் கட்டிச் சேர்த்தவை.

இவற்றுள் நுணுகி நோக்கத்தக்கது தொழுவமே. நீண்ட அக்கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மாடுகள் நிற்கும். மேல்தளம் உலர்ந்த புல்லைச் சேமிக்கும் பரண். ஈரம் முற்றும் நீங்காத புல்லைக் குவித்து வைத்தால் அது உள்ளுக்குள்ளேயே புழுங்கிச் சூடேறும். சில வேளைகளில் தானே தீப்பற்றி எரிவதும் உண்டு. ஆகவே பரணின் சுவர்களில் செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கினர். சிலுவை வடிவிலும் சாய்சதுர வடிவிலும் அமைந்த அத்துளைகளின் வழியே காற்று தடையின்றி உலவிப் புல்லை உலர்த்தியது. வெயிலில் அச்சுவர்கள் பின்னல் வேலைப்பாடுபோல் ஒளிரும். பார்ப்போர் அழகுக்காகச் செய்யப்பட்டவை என்றே எண்ணுவர். உண்மையில் அவை அச்சத்தில் பிறந்த அழகு எனலாம்.

தொழுவத்தின் கூரையைப் பல பண்ணைகளில் செங்கல் வளைவுகளால் அமைத்தனர். மேலே தீப்பற்றினால் அது கீழே எளிதில் இறங்காது; கீழிருந்து எழும் மூச்சின் ஈரமும் சாணத்தின் ஆவியும் மேலுள்ள புல்லைக் கெடுக்கா. பரணின் தளத்தில் விடப்பட்ட திறப்பு வழியே புல்லைக் கீழே தள்ளிவிட்டால் சுமக்கும் வேலை மிச்சம். குளிர்காலத்திலோ மேலே நிறைந்திருக்கும் அப்புல்லே தொழுவத்திற்குப் போர்வையாகும்! முன்புறம் தூண்கள் தாங்கும் தாழ்வாரத்தில் வண்டிகள் நிற்கும். மழை நாளில் வேலைகளும் அங்கேயே நடைபெறும்.

முற்றத்தின் ஒரு பகுதி செங்கல் பாவிய களம். மக்காச்சோளத்தையும் நெல்லையும் அங்கே காயவைத்தனர். இத்தாலியில் நெல்லா என வியத்தல் வேண்டா. அரபியர் சிசிலியிலும் ஸ்பெயினிலும் பயிரிட்ட நெல், பதினைந்தாம் நூற்றாண்டில் லொம்பார்தியிலும் வேரூன்றிவிட்டது.

பெரிய கஷினாக்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவரின் இல்லம் முற்றத்தை நோக்கி விசாலமாக நிற்கும். உழைப்போருக்கு ஒன்றிரண்டு அறைகளே. அவ்வறைகளில் விறகெரித்துக் குளிர்காய வசதியற்றோர் பனிக்கால இரவுகளில் தொழுவத்திற்கே வந்தனர். மாடுகளின் உடற்சூட்டில் பெண்கள் நூல் நூற்றனர். முதியோர் கதை சொல்லினர். குழந்தைகள் கேட்டவாறே உறங்கினர். பண்ணையில் கதகதப்பான கூடம் மாடுகளுக்கே வாய்த்திருந்தது என்பது அக்கட்டடம் கூறும் கசப்பான உண்மையாகும்.

அறைகளும் அவர்களுக்கு உரிமையானவை அல்ல. வேளாண் ஆண்டு முடியும் நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாள். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத குடும்பம் அந்நாளில் தன் பொருள்களை வண்டியிலேற்றி வேறு முற்றம் தேடிச் சென்றது. 'சான் மார்தீனோ செய்தல்' என்றால் இன்றும் அம்மொழியில் வீடு மாறுதல் என்றே பொருள்.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் இயந்திரங்கள் வந்தன. ஆட்கள் நகரங்களுக்குச் சென்றனர். பல முற்றங்களில் புல் முளைத்தது. சில விருந்தினர் விடுதிகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறின.

அம்முற்றத்தின் வாழ்வை அறிய விழைவோர் எர்மான்னோ ஓல்மி இயக்கிய 'மரக்காலணி மரம்' என்னும் திரைப்படத்தைக் காணலாம். 1978-இல் கான் திரைப்பட விழாவின் தலையாய பரிசைப் பெற்ற படம் அது. பள்ளிக்கு நெடுந்தொலைவு நடந்து செல்லும் சிறுவனின் மரக்காலணி உடைந்துவிட, தந்தை நிலக்கிழாரின் மரமொன்றை இரகசியமாக வெட்டிப் புதிய காலணி செய்து தருகிறார். செய்தி வெளிப்படுகிறது, குடும்பம் வெளியேற்றப்படுகிறது. முற்றத்தின் நடுவே அவர்கள் வண்டியில் சாமான்களை ஏற்றுகின்றனர். அதே முற்றத்தில் ஒன்றாய் வாழ்ந்த மற்றக் குடும்பத்தினர், வண்டி புறப்படும் வரை தத்தம் கதவுகளுக்குப் பின்னாலேயே நிற்கின்றனர்.