அமிலமே காவல்

பெண்ணின் யோனியிலிருந்து கருப்பைக்கும், கருப்பையிலிருந்து கருக்குழாய் வழியாக வயிற்றின் உட்குழிக்கும் திறந்த பாதை உண்டு. ஆண் உடலில் இப்படியொரு வழி கிடையாது. இருந்தும் பெரும்பாலான பெண்களுக்குக் கிருமிகள் அவ்வழியே ஏறி நோய் தருவதில்லை.

முதல் காவல் பாக்டீரியாக்களுடையது. யோனியில் வாழும் லாக்டோபேசில்லஸ் என்னும் கோல் வடிவ நுண்ணுயிர்களை 1892இல் விரிவாக விவரித்தவர் ஜெர்மன் மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன். பிரசவக் காய்ச்சலுக்குக் காரணம் தேடியபோதுதான் அவர் இவற்றை ஆராய்ந்தார். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் யோனிச் சுவரின் செல்களில் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கிறது. அந்தச் செல்கள் உதிரும்போது கிளைக்கோஜன் சிறு சர்க்கரைகளாக உடைகிறது. அவற்றைத் தின்று லாக்டோபேசில்லஸ் லாக்டிக் அமிலத்தைச் சுரக்கிறது. தயிரைப் புளிக்க வைப்பதும் இதே அமிலம்தான். இதனால் அங்கே பி.எச். அளவு 3.8 முதல் 4.5 வரை இருக்கிறது. நோய்க்கிருமிகள் பலவற்றுக்கு அந்தப் புளிப்பு ஒத்துவராது. போதாக்குறைக்கு, மற்ற பாக்டீரியாக்களைக் கொல்லும் புரதங்களையும் சில லாக்டோபேசில்லஸ் வகைகள் வெளியிடுகின்றன. செல்கள் உதிரும்போது அவற்றில் ஒட்டிய கிருமிகளும் சேர்ந்து வெளியேறிவிடுகின்றன.

அடுத்த தடை கருப்பை வாயின் சளி. கருமுட்டை வெளியாகும் நாட்களில் மட்டும் விந்தணுவுக்கு வழிவிட நீர்த்துப்போகும்; மற்ற நாட்களில் கெட்டியாக இருக்கும். கர்ப்ப காலத்தில் வாயையே அடைத்துக்கொள்ளும். பாக்டீரியாவின் சுவரை அரிக்கும் லைசோசைம், அதற்கு வேண்டிய இரும்புச்சத்தைப் பறித்துக்கொள்ளும் லாக்டோஃபெரின், அதன் சவ்வைத் துளைக்கும் டிஃபென்சின், கூடவே எதிர்ப்புப் புரதங்கள் எல்லாம் இந்தச் சளியில் உண்டு.

இந்தக் காவல் எப்போதும் ஒரே வலுவோடு இருப்பதில்லை. மாதவிடாய் ரத்தமும் விந்தும் அமிலத்தன்மையைத் தற்காலிகமாகக் குறைக்கின்றன. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் லாக்டோபேசில்லஸும் குறைகிறது. ஆன்டிபயாடிக் மாத்திரைகளுக்கு நல்லது கெட்டது தெரியாது. லாக்டோபேசில்லஸ் குறைந்த இடத்தில் கார்ட்னரெல்லா போன்ற வேறு பாக்டீரியாக்கள் பெருகினால் மீன் வாடையுடன் வெள்ளைப்படும்.

வெள்ளைப்படுதல் என்றாலே நோய் என்று பயப்படுவோர் ஏராளம். வாடையும் அரிப்பும் இல்லாத வெள்ளை அல்லது நிறமற்ற கசிவு இயல்பானதே. சோப்பு, கிருமிநாசினி ஊற்றி யோனியின் உள்ளே கழுவுவதுதான் கெடுதல்; அது காவலையே கழுவிவிடும். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். வாடை, அரிப்பு, அடிவயிற்று வலி இருந்தால் கூச்சப்படாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.