அந்துப்பூச்சியின் மோப்பமும் மணிலாப் பயிரும்

நெய்வேலியைச் சுற்றியுள்ள செம்மண் நிலங்களில் மணிலா பயிரிடும் குடியானவர்களிற் சிலர், வயலில் இனக்கவர்ச்சிப் பொறியைக் கட்டியவுடன் புழு ஒழிந்ததென எண்ணி வாளாவிருந்துவிடுகின்றனர். பொறியில் நாள்தோறும் பூச்சி விழுகிறது; பயிரிலோ இலை அரிபடுகிறது. இதன் காரணம் விளங்க, அந்துப்பூச்சி மோப்பம் பிடிக்கும் விதத்தை அறிதல் வேண்டும்.

அந்துப்பூச்சிக்கு மூக்கு இல்லை. தலையிலுள்ள இரண்டு உணர்கொம்புகளே அவ்வேலையைச் செய்கின்றன. சில இனங்களில் அவை இறகைப்போற் கிளைத்திருக்கும். மணிலாவைத் தின்னும் புரோடீனியாப் புழுவின் தாய்ப்பூச்சிக்கு நூல்போல் மெலிந்திருக்கும். அவற்றின்மீதுள்ள நுண்ணிய மயிர்களிற் கண்ணுக்குப் புலப்படாத துவாரங்கள் உண்டு. காற்றில் வரும் வாசனைத் துகள்கள் அவற்றின் வழியே புகுந்து உள்நரம்பைத் தூண்டுகின்றன. எல்லா மயிரும் எல்லா வாசனையையும் அறிவதில்லை. சில பூவின் மணத்தையும், சில இலையின் வாசனையையும் உணரும். ஆண் பூச்சியிலோ பல மயிர்கள் தன்னினப் பெண் விடும் வாசனைக்கென்றே அமைந்தவை. பட்டுப்பூச்சியின் அத்தகைய வாசனைப் பொருளை 1959-ம் ஆண்டில் ஜெர்மானிய இரசாயன நிபுணர் புடேனான்ட் கண்டறிந்தார். அதற்கு ஏறக்குறைய 5 லட்சம் பூச்சிகள் வேண்டியிருந்தன!

வாசனை பட்டதும் பூச்சி காற்றை எதிர்த்துப் பறக்கும்; தொடர்பு அறுந்தால் இடமும் வலமுமாக அலைந்து மீண்டும் பற்றிக்கொள்ளும். இருளில் அந்திமந்தாரைப் பூவைத் தேடி வருவதும் இவ்வாறே.

பொறியிலுள்ள குப்பி பெண்ணின் வாசனையை மட்டுமே வீசுவதாகையால், அதில் விழுபவை ஆண்களே. எஞ்சிய ஆண் ஒன்றே பல பெண்களுடன் கூடவல்லது. பெண்ணோ இலை வாசனையைப் பின்பற்றிச் சென்று, காலால் தொட்டறிந்து முட்டையிடும். மணிலாவினும் ஆமணக்கை அது பெரிதும் விரும்பும். வரப்போரம் ஆமணக்கு நடச் சொல்வது இதனாலேயே.

ஆகவே, ஏக்கருக்கு 5 பொறி வைத்து, விழும் பூச்சிகளை நாள்தோறும் எண்ணி வருக. தொகை ஏறியதும் ஆமணக்கிலையின் அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். பழுப்பு மயிர் மூடிய முட்டைக் குவியலையும், கூட்டமாய்ச் சுரண்டும் இளம்புழுக்களையும் இலையோடு கிள்ளி அழிக்கலாம். வளர்ந்தபின் அவை பிரிந்து, பகலில் மண்ணில் ஒளிந்துகொள்ளும். அப்பொழுது பிடிப்பது அரிது.

கத்தரிக்காய்ப் புழுவுக்குரிய குப்பியை மணிலாவில் தொங்கவிட்டுப் பூச்சியே இல்லையென்று மகிழ்ந்த ஒருவரை நான் அறிவேன். இரு வாரத்தில் அவர் வயலில் இலைநரம்பே மிஞ்சிற்று. வாங்கும்போதே பூச்சியின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். மூக்குப்பொடி பட்ட விரலால் குப்பியைத் தொடலாகாது. 3 வாரத்துக்கொரு முறை புதிது மாற்றுக.