இளையோருக்கு இளையோரே திருத்தூதர்



தூய பவுல் திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில், அவசரமாக வாசிப்போர் கவனியாது கடந்துவிடக்கூடிய ஓர் அறிவுரை உண்டு. தம்மிடமிருந்து கேட்டறிந்தவற்றை நம்பிக்கைக்குரிய மனிதர்களிடம் ஒப்படைக்குமாறும், அவர்கள் பிறருக்கும் கற்பிக்கும் ஆற்றல் உள்ளவர்களாய் இருக்கவேண்டும் என்றும் திருத்தூதர் பணிக்கின்றார். சற்று எண்ணிப் பாருங்கள். பவுல், திமொத்தேயு, நம்பிக்கைக்குரியோர், அவர்களிடம் கற்கும் பிறர் என ஒரே வசனத்தினுள் நான்கு தலைமுறையினர் நிற்கின்றனர். திருச்சபை உலகெங்கும் பரவிய வழி இதுவே. ஒருவர் பெற்றதை இன்னொருவரிடம் நம்பி ஒப்படைத்தார். அவர் அதை அடுத்தவரிடம் ஒப்படைத்தார்.

அதே திருமுகத்தின் தொடக்கத்தில் திமொத்தேயுவின் பாட்டி லோயியையும் தாய் யூனிக்கியையும் பவுல் நன்றியோடு நினைவுகூருகின்றார். ஆகவே, அந்த இளைஞரின் விசுவாசம் வீட்டில் விதைக்கப்பட்டது. அவரது தலைமைத்துவமோ, பெரியவர் ஒருவர் அவரை நம்பிப் பொறுப்பளித்ததால் வளர்ந்தது. இவ்விரண்டில் எது குறைந்தாலும் இளையோர் பணி முடமாகிவிடும்.

இன்று நம் பங்குகளில் இளையோர் குறைந்து வருகின்றனர் என்று பெற்றோரும் குருக்களும் கவலையுறுகின்றனர். உறுதிப்பூசுதல் பெற்ற பின்னர் பிள்ளைகளை ஆலயத்தில் காண்பது அரிதாகிவிட்டது என்று பலர் ஆதங்கப்படுகின்றனர். இந்தக் கவலை புதியதன்று. நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் ஒரு குருவானவரின் உள்ளத்தை இதே கவலை வாட்டியது. அவர் கண்ட விடை ஒரு பங்கில் முளைத்துப் பல கண்டங்களுக்கும் பரவியது. அவர் பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த ஜோசப் கார்டைன்.

தந்தையின் மரணப்படுக்கையில் எடுத்த உறுதி

கார்டைன் 1882ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் திகதி, பிரசெல்ஸ் நகரை அடுத்த பகுதியில், எளிய தொழிலாளர் குடும்பமொன்றில் பிறந்தார். ஆரம்பக் கல்வியை முடித்ததும் தொழிற்சாலைக்குச் செல்வதே அக்கால ஏழைப் பிள்ளைகளின் விதி. அவரும் வேலைக்குச் செல்ல ஏற்பாடாகியிருந்த வேளையில், ஓரிரவு, உறங்கச் சென்றவர் எழுந்து வந்து, தாம் குருவாக விரும்புவதையும் அதற்காகத் தொடர்ந்து படிக்க ஆசைப்படுவதையும் பெற்றோரிடம் தெரிவித்தார். உழைத்துக் களைத்திருந்த தந்தை மறுக்கவில்லை. மகனின் வருமானத்தை எதிர்பார்த்திருந்த பெற்றோர், அவனுக்காக இன்னும் பல ஆண்டுகள் உழைக்க முன்வந்தனர்.

குருமடத்திலிருந்து விடுமுறைக்கு வீடு திரும்பிய கார்டைனுக்கு ஒரு வேதனை காத்திருந்தது. தம்மோடு ஒரே வாங்கில் அமர்ந்து படித்த, ஒன்றாய்த் திருப்பலிக்குச் சென்ற நண்பர்கள் இப்போது ஆலைத் தொழிலாளர்கள். அவர்கள் இவரை அந்நியராகப் பார்த்தனர். குருமாணவர் என்றால் முதலாளிகளின் பக்கம் சேர்ந்தவர் என்பது அவர்களது எண்ணம். சில ஆண்டுகளுக்குள் அவர்கள் திருச்சபையை விட்டு வெகுதூரம் சென்றிருந்தனர். 1903இல் உழைப்பால் நலிந்த தந்தை மரணப்படுக்கையில் கிடந்தபோது, தமது வாழ்வு முழுவதையும் தொழிலாள இளையோருக்காக அர்ப்பணிப்பதாகக் கார்டைன் உறுதியெடுத்தார். 1906இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1912இல் பிரசெல்ஸின் லாக்கன் பங்கில் உதவிப் பங்குத்தந்தையாக நியமிக்கப்பட்டதும், அந்த உறுதிக்குச் செயல்வடிவம் கொடுக்க ஆரம்பித்தார்.

சிறு குழுவின் வல்லமை

இளையோரைத் திரட்டுவதற்கு அவர் பெரும் விழாக்களை நாடவில்லை. லாக்கனில் வேலை செய்யும் இளம் பெண்களையும் ஆண்களையும் சிறு சிறு குழுக்களாகச் சந்தித்தார். அவர்களுக்குப் பிரசங்கம் செய்வதைக் காட்டிலும் அவர்களிடம் கேள்வி கேட்பதையே பெரிதும் விரும்பினார். உன் வேலைத்தலத்தில் எத்தனை சிறுவர்கள் இருக்கின்றனர்? அவர்கள் எத்தனை மணி நேரம் உழைக்கின்றனர்? புதிதாக வந்த சிறுவனை மூத்தவர்கள் எவ்வாறு நடத்துகின்றனர்? அவர்கள் சென்று விசாரித்து வரவேண்டும். வந்து கூறவேண்டும். கூறியதை நற்செய்தியின் ஒளியில் எடைபோட வேண்டும். பின்னர், தம்மால் இயன்ற ஒரு செயலைத் தாமே தெரிவுசெய்து நிறைவேற்ற வேண்டும்.

இதுவே 'பார், சீர்தூக்கு, செயற்படு' என்று உலகெங்கும் அறியப்பட்ட முறை. இதன் நுட்பம் யாதெனில், பயிற்சி முடிந்த பின்னர் பொறுப்பு வழங்கப்படுவதில்லை, பொறுப்பே பயிற்சியாகின்றது. பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் தன் ஆலையில் நோயுற்ற தோழனைச் சென்று பார்ப்பதாக ஒப்புக்கொள்கிறான். அடுத்த வாரம் குழுவில் அதைப்பற்றிக் கணக்குக் கொடுக்கிறான். அந்தச் சிறு செயலுக்குள் துணிவும் இரக்கமும் திட்டமிடலும் செபமும் அவனுக்குள் வளர்கின்றன. மாதங்கள் செல்ல, அவனே மற்றொரு குழுவை வழிநடத்தத் தகுதி பெறுகிறான். குருவானவர் ஆன்மீக வழிகாட்டியாக அருகில் இருக்கிறார். ஆனால் தலைவர்கள் இளையோரே. இளந்தொழிலாளருக்கு நற்செய்தி அறிவிக்க வேண்டியவர்கள் முதலில் இளந்தொழிலாளரே என்பதில் கார்டைன் அசையாத நம்பிக்கை கொண்டிருந்தார்.

முதலாம் உலகப் போர்க்காலத்தில் ஜேர்மனியப் படையினர் அவரை இருமுறை சிறையிலடைத்தனர். போரின் பின் 1919இல் பெர்னான் டொனே, போல் கார்சே, ஜாக் மேர்ட் என்னும் மூன்று பொதுநிலை இளைஞர்களோடு இணைந்து அவர் தொடங்கிய அமைப்பு, 1925இல் 'இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம்' என உருப்பெற்றது.

எதிர்ப்பும் விரிவும்

ஆயினும், நல்ல முயற்சிக்கு வீட்டுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. கத்தோலிக்க இளையோருக்கு ஏற்கெனவே ஒரு சங்கம் இருக்கையில் தொழிலாளருக்கென வேறோர் இயக்கம் எதற்கு? இது இளையோரை வர்க்கங்களாகப் பிரித்துவிடாதா? பேராயர் கர்தினால் மெர்சியேருக்கும் இதில் தயக்கம் இருந்தது. கார்டைன் மனந்தளராது 1925 மார்ச் மாதம் உரோமை சென்று பாப்பரசர் 11ஆம் பத்திநாதரைச் சந்தித்தார். திருச்சபையை விட்டு விலகிச் சென்ற தொழிலாளர் திரளைப் பற்றிப் பேச வந்த அந்தக் குருவைப் பாப்பரசர் மகிழ்வோடு வரவேற்று, இயக்கத்திற்கு ஆசியும் ஆதரவும் நல்கினார்.

அதன்பின் விரிவு விரைவாயிற்று. ஒரு பங்கின் இளையோர் அயற்பங்கின் இளையோரைத் தேடிச் சென்றனர். பிரான்சில் அருட்தந்தை ஜோர்ஜ் கெரான் பரிஸ் நகரை அடுத்த கிளிஷியில் முதற்குழுவை ஆரம்பித்தார். இரண்டாம் உலகப் போரின் பின் ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் இலத்தீன் அமெரிக்காவிலும் குழுக்கள் பெருகின. கார்டைன் முதிர்ந்த வயதிலும் கண்டம் விட்டுக் கண்டம் பயணம் செய்து அவர்களை ஊக்குவித்தார். 1957இல் உரோமையில் அனைத்துலக இயக்கம் முறைப்படி நிறுவப்பட்டபோது, பல நாடுகளிலிருந்தும் 30,000க்கும் மேற்பட்ட இளந்தொழிலாளர்கள் அங்கு திரண்டனர். அவர்களுள் பெரும்பாலானோர் எவருடைய விளம்பரத்தையும் கண்டு வந்தவர்கள் அல்லர். ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு சிறு குழுவில், நண்பன் ஒருவன் அழைத்ததால் வந்தவர்கள்.

சோதனைக் காலத்தில் வெளிப்பட்ட உருவாக்கம்

அன்பர்களே, பயிற்சியின் தரம் அமைதிக் காலத்தில் தெரிவதில்லை. துணைக்கு எவருமற்ற இடத்தில் அது வெளிப்படுகின்றது. பிரான்சின் ரென் நகரைச் சேர்ந்த மர்செல் காலோ இதற்குச் சான்று. 1921இல் பிறந்த அவர், சிறுவயதிலேயே அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தில் இணைந்து, தம் பகுதிக் கிளையின் தலைவரானார்.

1943 மார்ச் 8ஆம் திகதி ரென் நகர்மீது குண்டுகள் வீழ்ந்தபோது அவரது சகோதரி உயிரிழந்தார். அந்தத் துயர் ஆறுமுன்னரே ஜேர்மனியில் கட்டாய வேலைக்குச் செல்லுமாறு அவருக்குக் கட்டளை வந்தது. தாம் தப்பியோடினால் குடும்பத்தினருக்குத் தீங்கு நேரும். விரைவில் குருவாகவிருந்த சகோதரரின் திருநிலைப்பாடும் தடைப்படும். எனவே மார்ச் 19ஆம் திகதி புறப்பட்டார். செல்லா-மெஹ்லிஸ் என்னும் ஊரின் ஆயுதத் தொழிற்சாலையில் அவர் சேர்க்கப்பட்டார். அங்கே ஆலயமில்லை, திருப்பலியில்லை. முதல் சில மாதங்கள் அவர் மனமுடைந்து சோர்ந்துபோனார். பின்னர், தம்மைப் போலவே சோர்ந்திருந்த தோழர்களுக்குத் தாம் தேவை என்பதை உணர்ந்தார். செபக்கூட்டங்களையும் விளையாட்டுகளையும் நாடகங்களையும் ஒழுங்குசெய்தார். பிரெஞ்சு மொழியில் திருப்பலி நடைபெறவும் வழிசெய்தார். பார், சீர்தூக்கு, செயற்படு எனத் தம் ஊரில் பழகியதை அவர் அந்நிய மண்ணில், காவலின் கீழ், தனியாகச் செய்தார்.

1944 ஏப்ரலில் நாசிக் காவலர் அவரைக் கைதுசெய்தனர். அளவுக்கு மீறிய கத்தோலிக்கர் என்பதே அவர்மீதான குற்றச்சாட்டு. 1945 மார்ச் 19ஆம் திகதி, ஊரைவிட்டுப் புறப்பட்டுச் சரியாக இரண்டு ஆண்டுகள் நிறைந்த நாளில், தூய யோசேப்பின் திருநாளன்று, ஒஸ்திரியாவின் மௌதவுசன் வதைமுகாமில் பட்டினியாலும் நோயாலும் தமது 23ஆவது வயதில் உயிர்நீத்தார். 1987 ஒக்டோபர் 4ஆம் திகதி பாப்பரசர் 2ஆம் அருள் சின்னப்பர் அவரை அருளாளராக உயர்த்தினார். இயக்கத்தின் தொடக்கத் தலைவர்களான டொனே, கார்சே இருவரும்கூட அதே 1945இன் தொடக்கத்தில் ஜேர்மனியின் டாஹாவ் வதைமுகாமில் மரித்தனர். கார்டைன் ஒப்படைத்த பொறுப்பை அவர்கள் மரணமட்டும் காத்தனர்.

திருச்சபையின் குரல்

ஒரு காலத்தில் ஐயத்தோடு நோக்கப்பட்ட இம்முறையைத் திருச்சபை பின்னர் தன் போதனையிலேயே ஏற்றுக்கொண்டது. 1961இல் பாப்பரசர் 23ஆம் அருளப்பர் வெளியிட்ட 'மாத்தேர் எத் மாஜிஸ்த்ரா' திருச்சுற்றுமடல், பார்த்தல், சீர்தூக்கல், செயற்படல் என்னும் மூன்று படிகளையும் பரிந்துரைத்தது. 1965இல் பாப்பரசர் 6ஆம் சின்னப்பர், 82 வயதான கார்டைனைக் கர்தினாலாக உயர்த்தினார். அவ்வாண்டு நவம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரின் திருத்தூதுப்பணி பற்றிய தனது ஏட்டில், இளையோருக்கு முதன்மையான, நேரடியான திருத்தூதர்கள் இளையோரே ஆகவேண்டும் என்று அறிவித்தது. 2019இல் பாப்பரசர் பிரான்சிஸ் 'கிறிஸ்து வாழ்கிறார்' என்ற திருத்தூது ஊக்கவுரையில், இளையோர் பணியின் செயற்பாட்டாளர்கள் இளையோர் தாமே என்றும், அவர்களுக்கு வழித்துணையும் புதிய வழிகளைக் காணும் சுதந்திரமும் வேண்டும் என்றும் வலியுறுத்தினார்.

நம் வீடும் நம் பங்கும்

இனி நம்மை நாமே வினவுவோம். நம் பங்கு இளையோரை நாம் எதற்காக அழைக்கின்றோம்? திருவிழாவிற்குக் கொடி கட்டவும், கதிரை அடுக்கவும், சோடனை செய்யவும் அழைக்கின்றோம். அவை நற்பணிகளே. ஆனால் எதைச் செய்வது, ஏன் செய்வது என்று சிந்திக்கும் இடத்தில் அவர்களுக்கு ஓர் ஆசனம் உண்டா? பணிக்கு மட்டும் அழைக்கப்பட்டு, தீர்மானத்திற்கு அழைக்கப்படாத பிள்ளை, நாளடைவில் ஆலயம் பெரியவர்களுடையது என்றே எண்ணிக்கொள்ளும்.

பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வியையும் இளையோர் கூட்டத்தையும் விட்டுத் தனியார் வகுப்புக்குச் செல்லும் சூழ்நிலை நம்மிடையே சாதாரணமாகிவிட்டது. பரீட்சையின் பாரத்தை எவரும் மறுப்பதற்கில்லை. எனினும் வாரத்தில் ஒரு மணி நேரம், ஐந்தாறு நண்பர்களோடு அமர்ந்து, தம்மைச் சுற்றி நடக்கும் ஒன்றை நற்செய்தியின் ஒளியில் சிந்திப்பதற்கு அவர்களை அனுமதியுங்கள். பள்ளிக்கூடத்தை இடைநிறுத்திய அயல்வீட்டுச் சிறுவன், தனித்து வாழும் மூதாட்டி, மதுவால் சிதையும் ஒரு குடும்பம் என அவர்கள் பார்க்க வேண்டியவை பல. அவர்கள் எடுக்கும் தீர்மானம் சிறியதாயிருக்கலாம். செயல் பிழைத்தும் போகலாம். அப்போது பொறுப்பைப் பறித்துக்கொள்ளாது, அருகிலிருந்து மீண்டும் எழுப்பிவிடுவதே பெரியவரின் கடமை. ஒப்படைத்துவிட்டுத் திரும்பிப் பாராதிருப்பதும் தவறு. பவுல் திமொத்தேயுவை நியமித்த பின்னரும் அவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டேயிருந்தார்.

இளையோரே, உங்கள் நண்பனை ஆலயத்திற்கு அழைத்துவர உங்களைவிடத் தகுதியானவர் எவருமிலர். உங்கள் வகுப்பறையின் வேதனை பங்குத்தந்தைக்குத் தெரியாது; உங்களுக்குத் தெரியும். வயதையும் அனுபவத்தையும் காரணம் காட்டித் தயங்காதீர்கள். தம் இளமையைப் பற்றிய தாழ்வெண்ணத்திற்கு இடமளிக்க வேண்டாம் என்று திமொத்தேயுவுக்குக் கூறப்பட்டது உங்களுக்கும் உரியது.

1967 ஜூலை 24ஆம் திகதி கர்தினால் கார்டைன் இறைபதம் அடைந்தார். தந்தையின் படுக்கையருகே அவர் எடுத்த உறுதி இன்றும் பல நாடுகளில் சிறு குழுக்களாக உயிர்வாழ்கின்றது. ஓர் ஏழைத் தந்தை தன் மகனை நம்பியதிலிருந்து அது தொடங்கியது. நம் வீடுகளிலும் அவ்வாறான நம்பிக்கை பிறக்க இறையருளை இறைஞ்சுவோம்.

ஆண்டவரே, நீர் எம்மிடம் ஒப்படைத்த விசுவாசத்தை எம் பிள்ளைகளிடம் அச்சமின்றி ஒப்படைக்கும் மனதை எமக்குத் தாரும். அவர்கள் தம் தோழர்களுக்கு உமது தூதராகும் துணிவை அவர்களுக்கு அருளும். ஆமென்.