பிரம்புக்குப் பின் ஸ்டிக்கர்

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையைத் தடை செய்தது. பிரம்பு இருந்த இடத்தில் இப்போது நட்சத்திர ஸ்டிக்கர். பரிசு பெற்ற செயல் திரும்ப நிகழும் என்ற ஸ்கின்னரின் வலுவூட்டல் கொள்கைதான் இது. மனிதரின் சுயவிருப்பத்தையே மறுத்தவர் அவர். பிரம்பை மாணவர் வெறுக்கவாவது முடியும். இனிக்கும் பரிசை எப்படி மறுப்பார்?

1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் அமெரிக்காவில் ஓவிய ஆர்வமுள்ள மழலையரிடம் ஆய்வு செய்தனர். சான்றிதழ் உண்டு என்று முன்பே சொல்லி வரையவைத்த குழந்தைகளிடம் பின்னர் அந்த ஆர்வம் குறைந்தது. எதிர்பாராமல் பெற்றவர்களிடம் குறையவில்லை.

எலவனாசூர்கோட்டையில் என் வகுப்பில், தானாகவே கதைப்புத்தகம் எடுப்பவளுக்கு ஸ்டிக்கர் கிடையாது; கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்பேன். எழுத்தைக் கண்டாலே ஒதுங்கும் பையனுக்கு உண்டு, எதற்காக என்று அவனிடம் சொல்லியே. வாசிக்கத் தொடங்கியதும் நிறுத்திவிடுவேன்.