கூவம் போகிற ஊருக்கு ஒரு பயணம்!



“ஆவடியில் கடல் இருக்கிறதா?” என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? “ஏரிதான் இருக்கு. கடல் பார்க்கணும்னா மெரினாவுக்குத்தான் போகணும்” என்பீர்கள். சரிதான். ஆனால், நீங்கள் போகாவிட்டாலும் உங்கள் ஊர்த் தண்ணீர் கடலுக்குப் போய்க்கொண்டேதான் இருக்கிறது!

ஆவடி பக்கம் பருத்திப்பட்டு, அப்புறம் திருவேற்காடு என்று வருகிற கூவம் ஆறு, நகரத்தைக் கடந்து நேப்பியர் பாலத்தின் அருகே வங்காள விரிகுடாவில் கலக்கிறது. பூந்தமல்லிக்குப் பக்கத்தில் உள்ள செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பினால், உபரி நீர் அடையாற்றில் ஓடி பட்டினப்பாக்கம் அருகே கடலைச் சேர்கிறது. மழை நாளில் தெருக் கால்வாயில் நீங்கள் போட்ட பிஸ்கெட் கவர்கூட இந்த வழியில் கடலுக்குப் போயிருக்கலாம்.

ஆறு கடலோடு கலக்கும் இடத்துக்குக் கழிமுகம் என்று பெயர். முகத்துவாரம் என்றும் சொல்வார்கள். அங்கே என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன? அவை கூடுகின்றனவா, குறைகின்றனவா? இதையெல்லாம் யார் கண்டுபிடிக்கிறார்கள்? அதற்கு என்னவெல்லாம் வேண்டும்? வாருங்கள், ஒரு கழிமுகத்துக்கே போய்ப் பார்ப்போம்!

வெள்ளாற்றங்கரையில்…

சென்னையிலிருந்து தெற்கே சுமார் 200 கிலோமீட்டர் போனால், கடலூர் மாவட்டத்தில் பரங்கிப்பேட்டை என்ற பழைய துறைமுக ஊர் வரும். ஐரோப்பியர் இதை ‘போர்ட்டோ நோவோ’ என்றார்கள். போர்த்துகீசிய மொழியில் ‘புதிய துறைமுகம்’ என்று அர்த்தம். வெள்ளாறு இங்கேதான் கடலில் கலக்கிறது.

அந்த ஆற்றங்கரையிலேயே சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. இதை உருவாக்கி வளர்த்தவர் பேராசிரியர் ஆர்.வி. சேஷய்யா. ஆய்வுக்கூடங்கள், நூலகம், கடல் உயிரினங்களின் அருங்காட்சியகம் எல்லாம் இங்கே உண்டு.

பல்கலைக்கழகம் சிதம்பரத்தில் இருக்கும்போது, மையம் மட்டும் ஏன் இங்கே வந்தது? காரணம் எளிது. கடல் உயிரைப் படிக்க வேண்டுமானால் கடலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்! ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு, கொஞ்சம் தள்ளி பிச்சாவரம் சதுப்புநிலக் காடு. இதைவிட நல்ல வகுப்பறை எங்கே கிடைக்கும்?

எறா வறுவலும் கழிமுகமும்

உங்கள் வீட்டில் எறா வாங்குவார்கள் அல்லவா? வெள்ளை இறால் போன்ற பல வகைகள் கடலில் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் கழிமுகத்துக்கும் சதுப்புநிலக் காட்டுக்கும் வந்து, அங்கே தின்று வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்புகின்றன. கழிமுகம் கெட்டால், கடலில் வலை போடுகிறவருக்கும் இறால் குறையும். இதைக் கண்டறிந்தது ஒரே ஒரு விஞ்ஞானியின் மூளை மட்டும் அல்ல. அதற்குப் பின்னால் ஒரு பெரிய பட்டாளமே உண்டு.

முதலில் படகு. அதை ஓட்ட, மணல்திட்டு எங்கே இருக்கிறது, கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று தெரிந்த ஆள் வேண்டும்.

அடுத்து வலை. கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகளைப் பிடிக்க, துணி போன்ற மிக நுண்ணிய வலையைக் கூம்பு வடிவில் தைத்து, நுனியில் ஒரு குப்பியைக் கட்டிப் படகின் பின்னால் இழுப்பார்கள். தண்ணீர் வெளியேறிவிடும், உயிரிகள் குப்பியில் சேர்ந்துவிடும்.

ஆழத்துத் தண்ணீரை மட்டும் எடுக்க ஒரு வேடிக்கையான புட்டி உண்டு. இரு பக்கமும் திறந்தபடி அதைக் கயிற்றில் இறக்குவார்கள். வேண்டிய ஆழம் வந்ததும், கயிற்றின் வழியே ஒரு சிறு எடையை நழுவ விடுவார்கள். அது போய்த் தட்டியதும் புட்டி மூடிக்கொள்ளும்! அந்த எடைக்கு ‘தூதுவன்’ என்று பெயர். இப்படிப்பட்ட புட்டி ஒன்றுக்கு நார்வே நாட்டு ஆய்வுப் பயணி நான்சென்னின் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கரைக்கு வந்த பின், உயிரோடு பிடித்த மீன்களுக்குக் கடல் நீர்த் தொட்டி வேண்டும். அந்த நீரை மணலில் வடிகட்ட வேண்டும். இரவும் பகலும் காற்றுக் குமிழி ஓட வேண்டும். கரண்ட் போனால் யாராவது எழுந்து ஓட வேண்டும்!

சீட்டு இல்லாத மீன்

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று, ஒரு துண்டுக் காகிதம். ஆம், பெயர்ச்சீட்டு! என்ன உயிர், எங்கே, எந்த நாளில், யார் பிடித்தது என்று எழுதி ஜாடிக்குள் போடுவார்கள். சீட்டு இல்லாவிட்டால் அது வெறும் செத்த மீன். சீட்டு இருந்தால் அது சாட்சி! ஐம்பது வருடம் கழித்து, “இந்த மீன் இங்கே முன்பு இருந்ததா?” என்று யாராவது கேட்டால் அந்த ஜாடி பதில் சொல்லும்.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் 1872ல் அன்டன் டோர்ன் என்ற ஜெர்மானியர் ஒரு கடல் ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார். அங்கே மேசைகளை வாடகைக்கு விட்டார்! பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் வருட வாடகை கட்டித் தங்கள் விஞ்ஞானிகளை அனுப்பின. வந்தவருக்கு மேசை, கடல் நீர், உயிரினங்கள், ரசாயனம், நூலகம் எல்லாம் தயார். அந்த நிலையம் இன்றும் இயங்குகிறது.

சுனாமி கேட்ட கேள்வி

2004 டிசம்பர் 26. சுனாமி நம் கரையைத் தாக்கியது. அதன் பிறகு, பரங்கிப்பேட்டை மையத்தின் பேராசிரியர் கதிரேசனும் அவருடன் பணியாற்றிய ராஜேந்திரனும் அந்தக் கடலோரத்தின் 18 குக்கிராமங்களை ஆராய்ந்தார்கள். எங்கே சேதம் குறைவு? காடு இருந்த இடத்திலும், கடலை விட்டுத் தள்ளி மேட்டில் இருந்த ஊர்களிலும் குறைவு என்று 2005ல் எழுதினார்கள்.

அடுத்த ஆண்டு வேறு விஞ்ஞானிகள் அதே கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார்கள். மேடும் தூரமும்தான் பெரிய காரணம், காட்டின் பங்கு அவ்வளவு தெளிவாக இல்லை என்றார்கள். யார் சொன்னது சரி என்று சண்டை போடுவதா? இல்லை! முதலில் ஆராய்ந்தவர்கள் எண்களை ஒளிக்காமல் எழுதி வைத்ததால்தானே மற்றவர்கள் சரிபார்க்க முடிந்தது? அடுத்த முறை உயிர்களைக் காக்க வேண்டுமானால் இப்படித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

செய்து பாருங்கள்!

ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர் எடுத்து, மூன்று ஸ்பூன் உப்பு போட்டு நன்றாகக் கரையுங்கள். இது கடல். இன்னொரு டம்ளரில் சாதாத் தண்ணீரில் இரண்டு சொட்டு இங்க் கலக்குங்கள். இது ஆறு. உப்பு நீரின் மேல் ஒரு ஸ்பூனைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் மேல் ‘ஆற்றை’ மெதுவாக ஊற்றுங்கள். என்ன ஆகிறது? நிறத் தண்ணீர் மேலேயே நிற்கும்! உப்பு நீர் கனமானது அல்லவா? கழிமுகத்திலும் பல சமயம் இப்படித்தான். மேலே அள்ளிய தண்ணீரை மட்டும் பார்த்தால் அடியில் இருப்பது தெரியாது. ‘தூதுவன்’ புட்டி எதற்கு என்று இப்போது புரிகிறதா?

இன்னொரு வேலையும் உண்டு. ஒரு நோட்டு எடுங்கள். மாதம் ஒரு நாள், அப்பா அம்மாவோடு உங்கள் ஊர் ஏரிக்கரைக்குப் போங்கள். தண்ணீரில் இறங்கக் கூடாது! கரையில் நின்றே பாருங்கள். நீர் எதுவரை இருக்கிறது, எந்தப் பறவை வந்திருக்கிறது, எவ்வளவு குப்பை மிதக்கிறது என்று எழுதுங்கள். தேதி, இடம், நேரம், உங்கள் பெயர், நான்கும் கட்டாயம்.

பத்து வருடம் கழித்து, “இந்த ஏரி முன்பு எப்படி இருந்தது?” என்று யாராவது கேட்டால், உங்கள் நோட்டு பதில் சொல்லும். என்ன, நோட்டை எடுத்துவிட்டீர்களா?